கையெழுத்து வாங்காத பரிசோதனை

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளையைத் தாண்டினால் கோவிலம்பாக்கம். ஒரு காலத்தில் வயலும் ஏரியும். இப்போது அபார்ட்மென்ட்டுகள், அவற்றைக் கட்டியவர்கள், கட்டியவர்களுக்கு டீ போடுகிறவர்கள், அங்கே குடிவந்து ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இந்தப் பக்கத்து மின்கம்பங்களை நின்று படித்திருக்கிறீர்களா? படியுங்கள், பொழுது போகும். ஒரே மாதத்தில் இங்கிலீஷ், வீட்டிலிருந்தே சம்பாத்தியம், மூலம், பௌத்திரம்... நடுவில் தவறாமல் ஒன்று: 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். நூறு சதவீதம் கியாரண்டி.' கீழே ஒரு செல் நம்பர்.

இந்த வாரம் அந்தத் 'தெரியாமலே' பற்றித்தான் பேசப்போகிறேன்.

புருஷன் தினம் தள்ளாடிக்கொண்டு வருகிறான், சம்பளம் வீடு வந்து சேர்வதில்லை, அடி வேறு. அந்தப் பெண் அந்த நம்பருக்குப் போன் பண்ணுவாள். பண்ணத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஒரு பொட்டலம் வரும். சாம்பாரில் கலந்து கொடு என்பார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒன்றும் இல்லாத வெறும் மாவாக இருந்தால் காசோடு போயிற்று. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துப் போட்டிருந்தால்தான் விபரீதம்.

டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். கதை சுவாரஸ்யமானது. டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இரண்டு பேர் குடல் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைக்காகத் தாங்களே முழுங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு குடித்தபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வந்தது. பூச்சி மருந்து போய், 1948ல் குடிக்கு மருந்து என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். ஈரல் ஆல்கஹாலை உடைக்கும் வேலையை அது பாதியில் நிறுத்தி வைக்கிறது. நடுவில் தேங்கும் அசெட்டால்டிஹைட் ஆளைப் புரட்டி எடுக்கிறது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்தவன் பயத்தில் குடிக்க மாட்டான். மருந்தின் பாதி வேலையை அந்தப் பயம்தான் செய்கிறது. தெரியாதவனோ வழக்கம்போல் குவார்ட்டரைத் திறப்பான். ரத்த அழுத்தம் படாரென்று இறங்கும். இதயம் பலவீனமானவன் என்றால் அன்றோடு முடிந்தது.

ஆக, ஒரே மருந்து. சொல்லிக் கொடுத்தால் வைத்தியம், சொல்லாமல் கொடுத்தால் விஷம்.

இதே மாத்திரையை வைத்து மும்பையில் டாக்டர்கள் அவினாஷ் டிசோசா, ஆலன் டிசோசா இருவரும் ஒரு ஆய்வு செய்து 2004ல் வெளியிட்டார்கள். 100 ஆண்கள். பாதிப் பேருக்கு டைசல்ஃபிராம், பாதிப் பேருக்கு நால்ட்ரெக்ஸோன். வீட்டில் ஒருவர் மாத்திரை போடுவதைக் கண்காணிக்க வேண்டும் என்று ஏற்பாடு. குடிப்பவருக்குத் தெரிந்து, வீட்டாருக்கும் தெரிந்து. ஒரு வருஷம் கழித்து டைசல்ஃபிராம் கோஷ்டியில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். மற்றதில் 44 சதவீதம். யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவில்லை, அதனால் இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடியில்தான் வாங்க வேண்டும் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனாலும் பாருங்கள், மின்கம்பத்துக்காரர் 'நூறு' என்கிறார். எண்ணிப் பார்த்தவர்கள் 86 என்கிறார்கள், அதையும் கூச்சத்தோடு. எனக்கு அந்தக் கூச்சத்தின் மீதுதான் நம்பிக்கை.

இப்போது 2020க்கு வாருங்கள்.

மார்ச் 24ம் தேதி மாலை டாஸ்மாக் கடைகளுக்குப் பூட்டு. அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து, நள்ளிரவிலிருந்து நாடே லாக்டவுன் என்றார். நாலு மணி நேர நோட்டீஸ். அரிசி, பால், மருந்துக்கடை எல்லாவற்றையும் பற்றி யோசித்தவர்கள் ஒரு கூட்டத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர்கள், ஒரு கட்டிங் போட்டால்தான் பல் விளக்க முடிகிறவர்கள். இவர்கள் எத்தனை பேர்? எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடிக்கிறவர்கள் சுமார் 16 கோடி. அதில் குடி இல்லாமல் உடம்பு இயங்காத நிலைக்குப் போனவர்கள் சுமார் 2.9 கோடி. அத்தனை பேருக்கும் ஒரே நாள் சாயங்காலம் மருந்தும் இல்லாமல் டாக்டரும் இல்லாமல் சரக்கை நிறுத்தினோம்.

மருத்துவ உலகில் மனிதன் மேல் இப்படி ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு முன்னால் என்னவெல்லாம் வேண்டும் தெரியுமா? எதிக்ஸ் கமிட்டி கூட வேண்டும். கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரியில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். சேருகிறவருக்கு அவர் பாஷையில் எல்லாம் விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். அதிலும் குடி நோயாளி என்றால் இன்னொரு சிக்கல். போதையில் இருப்பவரின் கையெழுத்து செல்லாது. போதை இறங்கி நடுங்கிக்கொண்டிருப்பவரின் கையெழுத்தும் செல்லாது, அந்த நேரத்தில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். இரண்டுக்கும் நடுவே மனசு தெளிந்த ஒரு நேரம் வரும், அதுவரை காத்திருக்க வேண்டும். நல்ல ஆய்வாளர்கள் காத்திருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. தொற்று நோய் நேரத்தில் வேறு வழி இல்லை என்பீர்கள். கடையை மூடியதை நான் குறை சொல்லவில்லை. வைரஸ் பரவும் காலத்தில் டாஸ்மாக் க்யூ எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? மூடப்போகிறோம் என்று தெரிந்தும், அடுத்த மூன்று நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்த டாக்டர்களைக் கேட்காமல் மூடியதைத்தான் சொல்கிறேன்.

ஏன் மூன்று நாள்? அது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இன்னும் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ். சுவரில் பூச்சி ஊறும், இல்லாத ஆள் கூப்பிடுவான், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். மூளை பல வருஷமாக ஆல்கஹாலின் அமுக்கலை எதிர்த்துத் தன் விசையைக் கூட்டி வைத்திருக்கிறது, அமுக்குகிற கை சட்டென்று விலகினால் ஸ்பிரிங் எகிறாதா? பென்சோடயசிபின் மாத்திரைகளைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து இறக்க வேண்டும். கூடவே தயமின் என்ற பி வைட்டமின். விலை மலிவு. கொடுக்காவிட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகலாம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்து 2020லேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லாக்டவுன் தொடங்கிய சில நாட்களில், கடுமையான வித்ட்ராயலோடு வருகிறவர்களின் தினசரி எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பஸ் ஓடாத, போலீஸ் லத்தியோடு நிற்கிற நாட்களில் எப்படியோ ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தவர்களின் கணக்கு மட்டும்தான் இது. வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

நம்ம பக்கம்? ஏப்ரல் முதல் வாரத்தில் செங்கல்பட்டில் வார்னிஷைக் குடித்து மூன்று பேர் செத்துப் போனார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மூன்று பேர். பேப்பரில் சின்னப் பெட்டிச் செய்தி. 'குடிக்காமல் இருக்க முடியலையா இவனுங்களுக்கு?' என்று காபி ஆற்றிக்கொண்டே நாம் கேட்டோம். முடியலை சார். அதற்குப் பெயர்தான் வியாதி.

கேரளா இன்னொரு கோடிக்குப் போனது. டாக்டர் சீட்டு கொடுத்தால் சரக்கு தரலாம் என்று மார்ச் 30ம் தேதி ஓர் அரசாணை. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. குடிநோய்க்குக் குடியே மருந்து என்று நாங்கள் எழுதிக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஏப்ரல் 2ம் தேதி கேரள ஹைகோர்ட் தடை போட்டது. டாக்டர்கள் சொன்னது சரி. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மார்ச் 25ம் தேதிதான் மத்திய அரசு டெலிமெடிசின் விதிகளை வெளியிட்டது. போனிலேயே வைத்தியம் பார்க்கலாம், மருந்து எழுதலாம். நல்ல விஷயம். ஆனால் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைப் போனில் எழுதக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி. டயசிபாம், லோரசிபாம், குளோர்டயசிபாக்சைட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவை. அதாவது நடுக்கத்தை இறக்க எந்த மாத்திரை வேண்டுமோ அதைப் போனில் எழுத முடியாது. கடையில் சரக்கும் இல்லை, போனில் மாத்திரையும் இல்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான், எனக்குப் புரிகிறது. அதற்காக ஆயிரக்கணக்கானோர் நடுங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் அந்தக் கதவை மூடுவதா?

சரி, அந்த நேரத்தில் முறைப்படி ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் கதி என்ன? இதை நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். குடிநோய்க்கான ஒரு மருந்தையோ ஆலோசனை முறையையோ சோதிக்கிறீர்கள். நோயாளி வாரம் ஒரு முறை வர வேண்டும். மூச்சுக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். ரத்தம் கொடுக்க வேண்டும். காலண்டரை முன்னால் வைத்து, 'போன திங்கட்கிழமை எத்தனை, செவ்வாய் எத்தனை' என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டுக் குறிப்பார்கள். கோவிட் வந்ததும் இதில் எதுவும் நடக்காது. ஊதச் சொல்ல முடியுமா? போலீஸ்காரர்களே பல ஊர்களில் ஊதச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவரை ஆய்வு மையத்துக்குள் விடுமுன் கையில் சானிடைசர் ஊற்றலாமா என்று ஒரு கேள்வி. சிரிக்காதீர்கள். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால். ஆல்கஹால் கலந்த எதையும் தோலில் தடவாதே, முகராதே என்றுதான் அந்த மருந்தின் எச்சரிக்கைச் சீட்டு சொல்கிறது.

எல்லாம் போனுக்கு மாறியது. போனில் கேட்டால் என்ன பதில் வரும்? கோவிலம்பாக்கம் பக்கத்துச் சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு வீடு. ஒரே போன். ஸ்பீக்கரில் பையனின் ஆன்லைன் கிளாஸ் முடிந்த கையோடு ஆய்வாளர் கூப்பிடுகிறார். பக்கத்தில் பெண்டாட்டி, மூலையில் அம்மா. 'இந்த வாரம் எவ்வளவு குடிச்சீங்க?' 'குடிக்கவே இல்லீங்க சார்.' வேறென்ன சொல்வார்? நிஜமாகவே குடிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் உங்கள் மருந்தா, பூட்டியிருக்கும் கடையா?

இந்த இடத்தில்தான் கன்ட்ரோல் குரூப் என்ற ஒன்றின் அருமை தெரிகிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு கோஷ்டி பிரித்திருந்தால், கடை பூட்டியது இரண்டு கோஷ்டிக்கும் பொது. வித்தியாசம் ஏதாவது மிஞ்சினால் அது மருந்தின் கணக்கு. ஆனால் எல்லோருமே குடிக்க முடியாமல் இருக்கும்போது வித்தியாசம் தெரிய இடமே இருக்காது. போனை எடுக்காதவர் கதை இன்னும் மோசம். ஊருக்கு நடந்தே போய்விட்டாரா, கோவிட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாரா, மறுபடி குடிக்கிறாரா? வழக்கமாகக் காணாமல் போனவரை 'மறுபடி குடிக்கிறார்' என்ற கணக்கில் எழுதுவது கறாரான ஆய்வாளர்களின் பழக்கம். 2020ல் அப்படி எழுதினால் அநியாயம், எழுதாவிட்டால் ஏமாற்று.

யாருக்கு எந்த மருந்து என்று மறைத்து வைப்பதும் நினைப்பது போல் சுலபமில்லை. நியூயார்க்கில் மைக்கேல் போகன்ஷுட்ஸ் குழு சைலோசிபின் என்ற காளான் சரக்கைக் குடிநோய்க்குச் சோதித்தது. கடைசி ஆளைச் சேர்த்தது 2020 மார்ச்சில், முடிவு வெளியானது 2022ல். 90 பேருக்குக் கொஞ்சம் மேலே. மருந்து கிடைத்தவர்கள் கணிசமாகக் குடியைக் குறைத்தார்கள். நல்ல செய்தி. ஆனால் தனக்குக் கிடைத்தது காளானா, வெறும் அலர்ஜி மாத்திரையா என்பதை 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டார்கள். கட்டுரையிலேயே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கை எவ்வளவு வேலை செய்தது, காளான் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை.

மறுபடி நம்மூர்.

மே 7ம் தேதி தமிழ்நாட்டில் கடைகள் திறந்தன, சென்னை போலீஸ் எல்லை தவிர. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை, 40லிருந்து 50 மதியம், அதற்குக் கீழே மூன்று மணிக்கு மேல். ரேஷன் கடையில் கூட இப்படி மரியாதை பார்த்ததில்லை. ஒரு நாள் விற்பனை சுமார் 170 கோடி என்று செய்தி வந்தது. மறுநாள் ஹைகோர்ட் மூடச் சொன்னது. சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. மே 16ல் கலர் கலர் டோக்கனோடு மறுபடி திறப்பு. சென்னைக்கு மட்டும் ஆகஸ்ட் 18.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். கோவிலம்பாக்கம் சென்னை மாநகராட்சியில் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. ஆனால் அன்றைக்குச் சென்னை போலீஸ் எல்லைக்குள் இருந்தது. ஆகவே இங்கே கடை திறக்க ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். தெற்கே, தாம்பரம் தாண்டிப் போகப்போக அந்தப் போலீஸ் எல்லை முடிந்ததும் மே 16லிருந்தே கடை உண்டு. அதே மாவட்டம், அதே மாதிரி மனிதர்கள், அதே கூலி. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஒரு பக்கம் மூடல், மறுபக்கம் திறப்பு, மூன்று மாசம். எந்த விஞ்ஞானி வரம் கேட்டாலும் இப்படி ஓர் அமைப்பு கிடைக்காது. கோட்டின் இரண்டு பக்கமும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், போலீஸ் ஸ்டேஷன், 108 ஆம்புலன்ஸ் மூன்றின் நோட்டுப் புத்தகங்களை எடுத்து, வலிப்பு எத்தனை, விபத்து எத்தனை, பெண்டாட்டியை அடித்த புகார் எத்தனை என்று எண்ணினால் ஏகப்பட்டது தெரிந்துகொள்ளலாம். (பைக்கை எடுத்துக்கொண்டு கோடு தாண்டிப் போய் வாங்கி வந்தவர்களால் கணக்கு கொஞ்சம் குழம்பும். அதற்கும் புள்ளியியல்காரர்களிடம் வழி உண்டு.)

தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் கடைசியில் மது விற்பனைக்குத் தடை, ஜூனில் திறப்பு, ஜூலையில் மறுபடி தடை, ஆகஸ்டில் மறுபடி திறப்பு. அங்கே எண்ணினார்கள். மூடிய வாரங்களில் ஆஸ்பத்திரிகளில் அடிதடி, விபத்துக் கேஸ் குறைந்தது. திறந்ததும் ஏறியது. இன்றைக்கும் அந்த எண்களை வைத்து அங்கே வாதம் நடக்கிறது. நம்ம வாதம் எண்களே இல்லாமல் நடக்கிறது.

ஒரு கட்சி சொல்கிறது: 'பாத்தீங்களா, கடை மூடினதும் எல்லாரும் நிறுத்திட்டாங்க. குடும்பம் சந்தோஷமா இருந்தது. இதுதான் மதுவிலக்குக்கு நிரூபணம்.' இன்னொரு கட்சி சொல்கிறது: 'பாத்தீங்களா, மூடினதும் வார்னிஷ் குடிச்சுச் செத்தாங்க. கடை இருக்கறதுதான் பாதுகாப்பு.' இரண்டு பேரும் ஒரே மாசத்தைத்தான் காட்டுகிறார்கள். அவரவருக்கு வேண்டிய ஆளைப் பொறுக்கி எடுத்து நிறுத்துகிறார்கள். கடை மூடியதால் நிம்மதியாகத் தூங்கிய பெண்களும் நிஜம், வார்னிஷ் குடித்தவர்களும் நிஜம். எது எவ்வளவு என்று எண்ணிச் சொல்லாதவரை இது பட்டிமன்றம். கடைசியில் நடுவர் ஜோக் சொல்லி முடித்து வைப்பார்.

'எல்லாரும் நிறுத்திட்டாங்க' என்பதற்கு மட்டும் ஒரு எண் கையில் இருக்கிறது. டாஸ்மாக் மூலமாக அரசுக்கு வந்த வரி வருமானம் 2019-20ல் 33,133 கோடி. பல வாரம் கடை மூடியிருந்த, சென்னையில் ஐந்து மாசம் மூடியிருந்த 2020-21ல்? 33,811 கோடி. குறையக் கூட இல்லை. விலையை ஏற்றினார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும், நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024-25ல் இது 48,344 கோடி.

திரும்பி வந்ததில் ஆச்சரியமும் இல்லை. வித்ட்ராயல் என்பது வாசல்தான். அதைத் தாண்டி உயிரோடு வந்துவிட்டால் குடி போய்விட்டது என்று நினைப்பது, ஜுரம் இறங்கியதும் டைஃபாய்டு போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துவது போல. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச ஆள் வேண்டும். குடிக்காத சாயங்காலத்தில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். 2020 மே மாசம் வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. பல லட்சம் பேரின் உடம்பிலிருந்து ஆல்கஹால் முழுசாக இறங்கியிருந்த ஒரு மாசம் அது, சரித்திரத்தில் ஒரே தடவை. அந்த மாசம் அவர்களிடம் யாராவது போய், 'அண்ணே, இப்படியே இருக்கலாமா? நாங்க கூட இருக்கோம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதில் டோக்கன் கொடுத்தோம்.

பேசினால் மட்டும் ஆகுமா என்பீர்கள். இதற்கும் எண் இருக்கிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் குழு. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள். தீங்கு தரும் அளவுக்குக் குடிப்பவர்கள், ஆனால் முழுசாக அடிமையாகாதவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியத்தோடு ஆலோசனை. ஆலோசனை சொன்னது டாக்டர்களோ சைக்காலஜி படித்தவர்களோ இல்லை. உள்ளூர் சாதாரண மனிதர்கள், பயிற்சி கொடுத்து உட்கார வைத்தவர்கள். ஒருவருக்கு அதிகபட்சம் நாலு தடவை. மூன்று மாசம் கழித்துக் கேட்டால், கடந்த 14 நாளில் சொட்டுக்கூடத் தொடாதவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம், பெறாதவர்களில் 18. 2017ல் லான்செட்டில் வந்தது. ஒரு வருஷம் கழித்தும் பலன் நின்றது என்று பிறகு எழுதினார்கள்.

சும்மா பாராட்டிவிட்டுப் போக மனசில்லை. குடியைத் தொடர்ந்தவர்கள் குடித்த அளவு குறையவில்லை. பெண்டாட்டியை அடிப்பதும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதையும் அவர்களேதான் எழுதியிருக்கிறார்கள். காலையில் கை நடுங்குகிறவர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை, அவருக்கு இது போதும் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு மாத்திரையும் படுக்கையும் வேண்டும். அதற்கு நம்மூரிலேயே அனுபவம் இருக்கிறது. இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து முகாம் போட்டே குடிநோயாளிகளுக்கு வைத்தியம் செய்து காட்டியது. ஊர் பார்க்க, ஊர் தெரிய. அரசாங்கமும் 2025ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. சந்தோஷம். 25 என்ற எண்ணை 48,344க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சந்தோஷம் கொஞ்சம் சுருங்குகிறது.

அந்த 2019 எய்ம்ஸ் கணக்கில் இன்னொரு வரி உண்டு. குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்தவர் 180 பேரில் ஒருவர். மீதி 37 பேர் எங்கே போகிறார்கள்? மின்கம்பத்து நம்பருக்குத்தான். இல்லாவிட்டால் புறநகரில் வீடு வாடகைக்கு எடுத்துக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு 'மறுவாழ்வு' என்று போர்டு மாட்டியிருக்கிற இடங்களுக்கு. ராத்திரி நாலு தடியர்கள் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கேயும் கையெழுத்து வாங்குவது உண்டு, போகிறவரிடம் இல்லை, அனுப்புகிறவரிடம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கோவா ஆய்வின் மொத்த அளவே 10 ஆரம்ப சுகாதார நிலையம், 377 பேர். மேடவாக்கத்திலும் அதைச் சுற்றியும் இதைத் தமிழில் செய்து பார்க்கலாம். பத்துக் கேள்வி கொண்ட உலக சுகாதார நிறுவனப் படிவம் ஒன்று இருக்கிறது, பிரஷர் பார்க்கும்போதே கேட்டுவிடலாம். லேசானவருக்கு நாலு தடவை பேச்சு. கை நடுங்குகிறவருக்கு மாத்திரை, தயமின், படுக்கை. பாதிப் பேருக்குப் புது முறை, பாதிப் பேருக்கு வழக்கமான முறை, சீட்டுக் குலுக்கி. ஆறு மாசம் கழித்து எண்ணுவது. பலன் இல்லையென்றால் இல்லை என்று எழுதுவது. டாஸ்மாக்கின் ஒரு நாள் வருமானத்தில் ஒரு துளி போதும். ஒரே ஒரு நிபந்தனை, சேருகிறவரிடம் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. அடுத்த தடவை வைரஸோ வெள்ளமோ எதற்காகவோ கடைகளை நாலு மணி நேர நோட்டீஸில் மூடும்போது, மூடும் ஆர்டர் போகிற அதே நிமிஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இன்னொரு ஆர்டர் போக வேண்டும்: மூன்று நாளுக்குள் வலிப்போடு வருவார்கள், மாத்திரையும் தயமினும் எடுத்து வையுங்கள், போனில் எழுதிக்கொடுக்க அனுமதி தருகிறோம். அரைப் பக்கம் கூட வராது. இன்றைக்கே டைப் அடித்து ஃபைலில் வைக்கலாம், தேதியை மட்டும் காலியாக விட்டு.